ஐநூறு கிராமுக்குள் ஒரு ஆர்சி விமானம்: கட்டுவதும் பறக்கவிடுவதும்

முதல் ஆர்சி விமானம், அதாவது ரேடியோவால் இயக்கும் குட்டி விமானம், கட்டப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எந்த மோட்டார் வாங்கலாம் என்றுதான். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு தராசு வாங்குங்கள். சமையலறைக்கு விற்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், 1 கிராம் வரை காட்டினால் சரி.

காரணம் இருக்கிறது. இறக்கை 1 மீட்டர் நீளம், 18 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடை 500 கிராம் என்றால் அந்த விமானம் மணிக்குச் சுமார் 24 கி.மீ. வேகத்துக்குக் கீழே போகும்போதுதான் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். அதே இறக்கையில் எடை 750 கிராம் ஆகிவிட்டால் அந்த எல்லை கிட்டத்தட்ட 30 கி.மீ. ஆறு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் தரையில் மோதினால் அடியின் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல், கூடவே யோசிக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது, புதிதாக ஓட்டுகிறவருக்கு இல்லாமல் போவதே அந்த நேரம்தான். அதனால் இந்தக் குறிப்பு முழுக்க ஒரே பிடிவாதம்: 500 கிராமைத் தாண்டக் கூடாது.

அடுத்து மாடல். ரஃபேலும் சுகோயும் ஆசையைக் கிளப்பும், தெரியும். அதையெல்லாம் நான்காவது விமானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, உடம்புக்கு மேலே இறக்கை உட்காரும் ஹைவிங் ட்ரெய்னராக இருக்கட்டும். ஐலரான் (இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் தகடு) வேண்டாம், ரட்டர் (வாலில் இட வலமாகத் திருப்பும் தகடு), எலிவேட்டர் (வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் தகடு), த்ராட்டில் (மோட்டார் வேகம்) என்று மூன்று சேனல், அதாவது மூன்று கட்டுப்பாடு, போதும். இரண்டு சர்வோவின் (தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டார்) எடையும் வயரும் மிச்சம். ஐலரான் இல்லாமல் எப்படித் திரும்பும் என்றால், இறக்கையின் இரு முனைகளையும் நடுவைவிட 5 செ.மீ. உயர்த்தி ஒட்டினால் (இதுதான் டைஹெட்ரல்) ரட்டர் கொடுத்ததும் விமானம் தானாகவே சாய்ந்து திரும்பும், கையை எடுத்தால் பெரும்பாலும் தானே நிமிரவும் பார்க்கும். ஒரு சின்ன விஷயம், ரட்டர் சர்வோவை ரிசீவரில் ஐலரான் சேனலில் செருகுங்கள். ரேடியோவின் வலது குச்சியிலேயே திருப்பிப் பழகினால் நாளை நாலு சேனல் விமானத்துக்குப் போகும்போது விரல்களுக்குக் குழப்பம் வராது.

வெட்டிய துண்டுகளாக வரும் கிட்டா, வரைபடத்தைப் பார்த்து நாமே வெட்டும் பிளானா? லேசரில் வெட்டிய பால்சா (மிக லேசான மரம்) கிட் அழகுதான், ஒட்டி முடித்துத் துணி போல ஃபிலிம் இழுத்து அயர்ன் பண்ணினால் வீட்டில் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். ஆனால் முதல் விமானம் கீழே விழும். பால்சா உடைந்தால் ஒரு வாரம் மேசையில் கிடக்கும், ஃபோம் உடைந்தால் மைதானத்திலேயே பத்து நிமிடத்தில் ஒட்டிவிட்டு மறுபடி பறக்கலாம். அதனால் என் ஓட்டு ஃபோமுக்கும் பிளானுக்கும். ஃப்ளைட் டெஸ்ட் என்ற அமெரிக்கக் குழு தன் பல மாடல்களின் பிளான்களை இலவசமாகவே தருகிறது. ஆனால் அவை அங்கே மலிவாகக் கிடைக்கும், மெல்லிய காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டை மனதில் வைத்து வரையப்பட்டவை. நம் ஊர் ஸ்டேஷனரி கடை ஃபோம் போர்டில் காகிதம் தடிமன், எடையும் கூட. சன்போர்டு என்று விற்கும் பிவிசி பலகையைத் தொடவே வேண்டாம், 3 மி.மீ. பலகையே ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டும். 5 மி.மீ. டெப்ரான் (காகிதம் ஒட்டாத லேசான ஃபோம்) ஷீட் அதே பரப்புக்கு 200 கிராமை ஒட்டித்தான் வரும். ஆர்சி பாகங்கள் விற்கும் ஆன்லைன் கடைகளில் கிடைக்கிறது. தெர்மோகோல் மலிவு, ஆனால் மெல்லிய தகடாக வெட்டினால் பொடிப்பொடியாக உதிரும்.

பிளானை அச்சடிக்கும்போது பிரிண்டர் அமைப்பில் 100 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இருந்தால் ஒவ்வொரு தாளும் கொஞ்சம் சுருங்கிவிடும். பிளானில் போட்டிருக்கும் அளவுகோலை ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு ஏ4 தாள்களை ஒட்டிச் சேருங்கள், அல்லது பிளாட்டர் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரே பெரிய தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட்டின் தடிமன் பிளானில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம், 5 மி.மீ. பிளானுக்கு 3 மி.மீ. ஷீட் போட்டால் எந்தப் பொருத்தும் இறுக்கமாக உட்காராது.

வெட்டுவதற்குப் பிளேடு கத்திதான், ஆனால் முனை மழுங்கினால் உடனே உடைத்துப் புது முனை எடுங்கள். மழுங்கிய கத்தி ஃபோமை வெட்டாது, கிழிக்கும்.

இறக்கையில்தான் பொறுமை தேவை. கீழ்ப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு, இரண்டும் ஒரே ஷீட்டில் மடித்து வருவதுதான் சுலபமான வடிவம். டெப்ரானில் காகிதம் இல்லாததால் சும்மா மடித்தால் பட்டென்று முறியும். மடிப்புக்கோட்டுக்கு வெளிப்பக்கம் முழுக்கப் பேக்கிங் டேப்பை ஒட்டி, உள்பக்கம் ஒரு கீறல் போட்டு, டேப்பே கீல் மாதிரி வேலை செய்ய மடிக்க வேண்டும். உள்ளே ஸ்பார், அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்பு. 6 மி.மீ. கார்பன் குழாய் இருந்தால் நல்லது, இல்லையென்றால் நேரான, நன்றாகக் காய்ந்த மூங்கில் குச்சி போதும். நடு இணைப்பில் டைஹெட்ரல் கோணத்துக்கு வெட்டிய ஒரு ப்ளைவுட் துண்டை இரண்டு பக்க ஸ்பாரோடும் சேர்த்து ஒட்டி, மேலே நார் ஓடும் ஃபைபர் டேப்பைச் சுற்றுங்கள், பறக்கும்போது வரும் பாரம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் விழுகிறது.

பசை காயும் முன் இறக்கையைப் பின்னால் இருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். ஒரு முனை மற்றதைவிட முறுக்கியிருந்தால் அந்த விமானம் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமே இழுக்கும், ட்ரிம் (ரேடியோவில் செய்யும் சின்னத் திருத்தம்) வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வேகம் மாற மாற இழுப்பும் மாறும். முறுக்கு இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெவிகுவிக் மாதிரி சாதாரண சூப்பர் க்ளூ டெப்ரானையும் தெர்மோகோலையும் தின்றுவிடும். ஃபெவிகால் இரண்டு ஃபோமுக்கு நடுவில் காயவே காயாது, ஓரம் மட்டும் இறுகும். ஹாட் க்ளூ கன்தான் வழி, அதையும் சூடு அதிகமானால் ஃபோம் உருகும் என்பதால் வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் சோதியுங்கள். தாராளமாகப் பிழியாதீர்கள். ஒரு குச்சி க்ளூ உள்ளே போனால் அத்தனையும் எடைதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் விமானத்தை விட்டுவிட்டுப் போனால் க்ளூ இளகி மோட்டார் மவுண்ட் சரிந்திருக்கும், நம் ஊர் மே மாதத்துக்கு இது சாதாரணம்.

உடம்பு ஒரு பெட்டி, சொல்ல அதிகம் இல்லை. வால் கனமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈடு வைக்க வேண்டிவரும். எலிவேட்டர், ரட்டர் கீல்களுக்கு ஓரத்தை 45 டிகிரி சாய்வாகச் சீவி டேப் ஒட்டினால் போதும். கன்ட்ரோல் ஹார்ன் (தகட்டில் கம்பியை மாட்டும் குட்டி நெம்புகோல்) வாங்க வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டில் வெட்டிக்கொள்ளலாம். சர்வோவிலிருந்து போகும் கம்பி 1.2 மி.மீ. ஸ்டீல், நடுவில் வளையாமல் இருக்க ஒன்றிரண்டு இடத்தில் உறிஞ்சுகுழாய்த் துண்டுக்குள் விட்டு ஒட்டுங்கள். இறக்கையை உடம்போடு ஒட்டவே கூடாது. உடம்பில் குறுக்காக இரண்டு மூங்கில் குச்சி குத்தி ரப்பர் பேண்டால் கட்டுங்கள், மோதும்போது இறக்கை கழன்று விழும், உடையாது.

சரி, இப்போது மோட்டார். 2212 அளவு, 1400 கேவி (கிலோவோல்ட் அல்ல, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று) ப்ரஷ்லெஸ் மோட்டார், 8 இன்ச்சுக்கு 4 இன்ச் ப்ரொப்பெல்லர், 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 1300 எம்ஏஹெச், 9 கிராம் சர்வோ இரண்டு. இந்தக் கூட்டணி பழசு, மலிவு, எங்கேயும் கிடைக்கும், விமானத்தின் எடைக்கு மேலேயே இழுக்கும். ரேடியோவுக்கு ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி ஆறு சேனல் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் தாராளம். மோட்டாரை இரண்டு மூன்று டிகிரி கீழே பார்க்கவும் அதே அளவு வலப்பக்கம் பார்க்கவும் சாய்த்துப் பொருத்துங்கள், மவுண்டுக்குப் பின்னால் ஒரு வாஷர் வைத்தாலே கிடைத்துவிடும். இல்லையென்றால் த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு மேலே தூக்கி இடப்பக்கம் இழுக்கும்.

வயரிங்கும் சோதனையும் முடியும்வரை ப்ரொப்பெல்லரை மாட்டவே கூடாது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றை ஒட்டி ஓடும் பிளாஸ்டிக் அது, விரலை எலும்புவரை வெட்டும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள், தீர்ந்தது. ப்ரொப்பெல்லரில் எண் அச்சிட்ட பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். விமானத்துக்குப் பின்னால் நின்று, குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழுகிறதா, வலது கொடுத்தால் ரட்டர் வலது போகிறதா பாருங்கள். தலைகீழாக இருந்தால் ரேடியோவிலேயே ரிவர்ஸ் செய்யலாம். அப்புறம் த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி, ரேடியோவை அணைத்துவிடுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு) அமைக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

எல்லாம் பொருத்தியபின் சிஜி, அதாவது எடையின் மையம். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள், 18 செ.மீ. இறக்கைக்கு 4.5 முதல் 5.4 செ.மீ. அந்த இடத்தில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்து, அந்த இடத்தை மார்க்கரால் குறித்து, வெல்க்ரோ போட்டு இறுக்குங்கள். மூக்கு கனத்தால் விமானம் சோம்பலாகப் பறக்கும், வால் கனத்தால் ஒரே ஒருமுறைதான் பறக்கும்.

எங்கே, எப்போது? அறுவடை முடிந்த வயல், வற்றிய ஏரி, ஆள் இல்லாத பெரிய மைதானம். உயரழுத்த மின்கம்பிக்கும் சீமைக்கருவேலங்காட்டுக்கும் தள்ளி நில்லுங்கள், கருவேலம் விழுங்கிய விமானத்தை எடுக்கப் போனால் முள் உங்களையும் விடாது. காலை ஆறு ஆறரைக்குக் காற்று அசையாது, அதுதான் நேரம். ஆடியில் முதல் பறத்தலை வைத்துக்கொள்ளாதீர்கள், அதிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் கோவை, உடுமலைப் பக்கம் வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 2021 டிரோன் விதிகள் இந்த விமானங்களையும் சேர்த்துத்தான் பேசுகின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடிவரை, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையிலான இடத்தில் 200 அடிவரை முன் அனுமதி தேவையில்லை, 2 கிலோவுக்குள் பொழுதுபோக்காக ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழும் தேவையில்லை. உங்கள் மைதானம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்துவிடுங்கள், பதிவு விதிகளையும் அதே கையோடு படித்துவிடுங்கள்.

மைதானத்துக்குப் போகும் முன் பிகாசிம் என்ற இலவச சிமுலேட்டரை போனிலோ கணினியிலோ போட்டுத் தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். குறிப்பாக விமானம் உங்களை நோக்கி வரும்போது, இடமும் வலமும் மாறிப்போகும் அந்த நேரத்துக்குப் பழக வேண்டும். ஒரு குறுக்குவழி உண்டு: எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

முதல் நாள் மோட்டார் இல்லாமல் புல்தரையில் கிளைடராக வீசிப் பாருங்கள். நேராக மிதந்து இறங்கினால் சிஜி சரி. அப்புறம் கூட வந்தவர் கையில் கொடுத்து, முக்கால் த்ராட்டிலில், காற்றுக்கு எதிராக, மட்டமாக வீசச் சொல்லுங்கள். மேல்நோக்கி வீசினால் வேகம் எடுக்கும் முன்னே ஸ்டால் ஆகி அவர் காலடியிலேயே விழும். கிளம்பியதும் திருப்பாதீர்கள், மூன்று தென்னை உயரம் ஏறட்டும். பிறகு பாதி த்ராட்டிலுக்கு வந்து ட்ரிம் செய்யுங்கள், மெதுவாகப் பெரிய வட்டங்கள், எப்போதும் உங்களுக்கு முன்னால் மட்டும், தலைக்கு மேலே போகவிடாதீர்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் உயரத்திலேயே த்ராட்டிலை இறக்கிக் குச்சியை இழுத்து ஸ்டால் எப்படி வருகிறது என்று பார்த்துவையுங்கள், இறங்கும்போது அந்த அறிவு உதவும்.

ரேடியோ டைமரை 5 நிமிடத்துக்கு வையுங்கள். முழு த்ராட்டிலில் 15 ஆம்பியரை ஒட்டி இழுக்கும், சராசரியாகப் பாதி என்றாலும் ஏழெட்டு நிமிடத்தில் பேட்டரியின் 80 சதவீதம் போய்விடும், அதற்கு மேல் லிப்போவை வடிக்கக் கூடாது. காற்றை எதிர்த்து வந்து, த்ராட்டிலைக் குறைத்து, தரைக்கு ஓர் அடி மேலே லேசாக இழுத்தால் வயிற்றாலேயே புல்லில் உட்காரும். வீல் வைக்காததற்குக் காரணம் இதுதான், அதுவும் எடையே.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள், முழு சார்ஜில் நாள்கணக்கில் விட்டால் உப்பும். மோதிய பேட்டரி நசுங்கியிருந்தாலோ உப்பியிருந்தாலோ மறுபடி சார்ஜ் போடாதீர்கள், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வெளியே வைத்துவிடுங்கள். உடைந்த மூக்கை ஒட்டியதும் தராசில் ஒருமுறை, விரல் நுனியில் ஒருமுறை. ஒட்டிய க்ளூ சிஜியை நகர்த்தியிருக்கும்.