முதல் ரோலர் கோஸ்டர்: பிள்ளை எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆறு வயதுப் பேத்தியை முதல் தடவை குடும்பக் கோஸ்டரில் ஏற்றியபோது ஒரு தப்புச் செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் காதைப் பழக்குங்கள். செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி ஹங் துவாவில் மோனோரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் இம்பி. அங்கிருந்து பாலம் நேரே பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் பேரங்காடிக்குள் போகும். கட்டடத்துக்குள்ளேயே ஓடும் சூப்பர்சோனிக் ஒடிசி கோஸ்டர் ஆளைத் தலைகீழாகப் புரட்டுகிற வண்டி, சின்னப் பிள்ளைக்கு ஆகாது. ஆனால் இரைச்சலைக் கேட்டு, இறங்கி வருகிறவர்கள் சிரிப்பதையும் பார்க்கட்டுமே.

அடுத்து, ஏற்றத்தில் வரும் ‘டக் டக்’ சத்தம். பிள்ளைகள் பாதிப் பேர் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். சங்கிலி வண்டியை மேலே இழுக்கும்போது அடியில் ஓர் இரும்பு நாக்கு பல் பல்லாக விழுந்து வரும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாது. “நம்மளைப் பிடிச்சுக்கிற சத்தம்மா அது” என்றேன், என் கையை விட்டுவிட்டாள். சில சின்ன வண்டிகளை டயர்கள் உருட்டித் தள்ளும், அவற்றில் இந்தச் சத்தம் இருக்காது. சக்கரத்தைக் குனிந்து பாருங்கள்: தண்டவாளத்தின் மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. எங்கள் ரயிலுக்குக்கூட அடியில் சக்கரம் கிடையாது!

நடு வரிசையைக் கேளுங்கள். கடைசிப் பெட்டி, இறக்கத்தில் சாட்டை நுனி மாதிரி இழுபடும்.

பிள்ளையின் உயரத்தை அளக்கும் கோட்டில் ஏமாற்ற வேண்டாம். இருவருக்கும் மடிமேல் இறங்கிப் பிடிக்கும் கம்பி ஒன்றே என்றால் அது பெரியவர் தொடையில் முட்டி நின்றுவிடும். பிள்ளையின் மடிக்கு மேல் வெறும் இடைவெளிதான்.

ரொட்டி சானாய் பசியாறிய கையோடு ஏற வேண்டாம். திறந்தவெளிப் பார்க் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். நம் ஊர் மதியத்து இடி மின்னலுக்கு வண்டியை நிறுத்திவிடுவார்கள். பிள்ளையின் மைகிட் அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள், மலேசியர் விலைக்குக் கேட்பார்கள்.

இப்போது என் தப்பு. அந்த வண்டி பெரும்பாலும் இடப்பக்கமே வளைந்தது. இடப்பக்கம் வளைந்தால் உடம்பு வலப்பக்கம் சறுக்கும். நான் இடப்பக்கம், பேத்தி வலப்பக்கம். ஒவ்வொரு வளைவிலும் அவள்மேல் போய்ச் சாய்ந்தேன். அவள் அழுதது உயரத்துக்கு அல்ல, என் எண்பத்தைந்து கிலோவுக்கு. அதனால் வரிசையில் நிற்கும்போதே வண்டி அதிகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். பிள்ளை அந்தப் பக்கம், நீங்கள் மறுபக்கம். இத்தனை வருஷம் தண்டவாளத்தோடு இருந்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

தாத்தாமார்களுக்கு ஒன்று: மூக்குக்கண்ணாடி, கைப்பேசியோடு பல்செட்டையும் பாட்டியிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.