பட்டமளிப்பு மேடையில் எந்த மாணவர் பேசுவது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 12-ம் வகுப்பு முடிந்ததும், மே கடைசியிலோ ஜூனிலோ பட்டமளிப்பு விழா நடக்கும். மாணவர்கள் சார்பில் யார் பேசுவது என்பதில் பல பள்ளிகளில் மனக்கசப்பு வந்துவிடுகிறது. பழைய வழக்கப்படி முதலிடம் பெற்றவர் ‘வாலடிக்டோரியன்’, அதாவது விடைபெறும் உரை சொல்பவர். இரண்டாமவர் ‘சல்யூடடோரியன்’, வரவேற்புரை சொல்பவர். பட்டத்தின் பெயரிலேயே பேச்சு இருப்பதால் மதிப்பெண்ணும் மேடையும் ஒட்டிக்கொண்டன. இரண்டையும் பிரித்துவிடுவதே நல்லது.

சாதாரணப் பாடத்தில் ‘ஏ’ வாங்கினால் 4 புள்ளி, ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடத்தில் வாங்கினால் பல பள்ளிகளில் 5. இந்தப் புள்ளிகளின் சராசரியில் முதலிடம் 4.87-க்கும் 4.86-க்கும் இடையே தீர்கிறது. ஆசைப்பட்டு இசை வகுப்பில் சேர்ந்தவர் அதில் ‘ஏ’ வாங்கினாலும் சராசரி இறங்கும். இந்த நூறில் ஒரு பங்குக்கும் நல்ல பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? அதற்காக முதலிடத்தின் மதிப்பைக் குறைக்கவும் கூடாது. டெக்சாஸில் முதலிடம் பெறுபவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் வருடக் கல்விக் கட்டண விலக்கு உண்டு. பெயரை அறிவியுங்கள், பதக்கம் அணிவியுங்கள். பேச்சுக்குத் தனித் தேர்வு வையுங்கள்.

மார்ச் கடைசியில் அறிவிப்புப் போடுங்கள். பட்டம் பெறப்போகும் எவரும் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் வரம்பு வேண்டாம். எழுத்து வடிவம் 500 ஆங்கிலச் சொற்களைத் தாண்டக்கூடாது. நிமிடத்துக்கு 125 சொல் என்றால் அது 4 நிமிடம். 400 மாணவர்களின் பெயரை ஆளுக்கு 6 விநாடி வீதம் படித்தாலே 40 நிமிடம் ஓடிவிடும். வெயிலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி தாத்தாக்களை நினைத்துப் பாருங்கள்.

தேர்வுக் குழுவில் 5 பேர் போதும்: இரண்டு ஆசிரியர்கள், ஒரு கவுன்சலர், இரண்டு 11-ம் வகுப்பு மாணவர்கள். போட்டியில் இல்லாத வகுப்பு என்பதால்தான் பதினொன்று. விண்ணப்பித்தவரின் பெற்றோரோ உடன்பிறந்தவரோ குழுவில் இருக்கவே கூடாது. முதல் சுற்றில் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டுப் படியுங்கள். தேறிய 5 அல்லது 6 பேரை ஏப்ரல் நடுவில் அரங்கத்தில் மைக் முன்னால் பேச வையுங்கள். வகுப்பறையில் கேட்டு முடிவு செய்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சிறிய அறையில் அழகாகப் பேசுகிறவர் பெரிய மைதானத்தில், தன் குரல் ஒலிபெருக்கியில் தாமதமாகத் திரும்பி வருவதைக் கேட்டுத் தடுமாறுவார்.

மதிப்பெண்ணை 100-க்குப் போடுங்கள்: உள்ளடக்கத்துக்கு 40, குரலுக்கும் நிதானத்துக்கும் 30, எல்லா மாணவரையும் சேர்த்துக்கொள்வதற்கு 30. கடைசி அம்சத்தைக் கறாராகப் பாருங்கள். சொந்த நண்பர் கூட்டத்துக்கு மட்டும் புரியும் கிண்டல், நீண்ட நன்றிப் பட்டியல், தன் சாதனைக் கணக்கு, இவை இருந்தால் மற்றவர்களுக்கு அந்த உரையில் இடமில்லை. மாணவர் வாக்கெடுப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது பெரும்பாலும் நண்பர் கூட்டத்தின் அளவைத்தான் காட்டும்.

அரசுப் பள்ளியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பட்டமளிப்பு விழாவில் பள்ளியே மதகுருவை அழைத்துப் பிரார்த்தனை செய்ய வைப்பது அரசமைப்புக்கு முரண் என்று 1992-ல் லீ எதிர் வைஸ்மன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர் உரையில் சமயம் வந்தால் என்ன செய்வது என்பதை பள்ளி மாவட்ட நிர்வாகத்தின் வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டு, அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு விதி போட்டால் அவரைக் குறிவைத்ததாகவே தோன்றும்.

இந்தப் பேச்சுத் தேர்வில் இரண்டாமிடம் வந்தவரை மாற்றுப் பேச்சாளராக ஒத்திகைக்கும் அழையுங்கள். தொண்டை கட்டுவதும் காய்ச்சல் வருவதும் விழா வாரத்தில்தான். உரையைப் பெரிய எழுத்தில் தாளில் அச்சடித்து, காற்றில் பறக்காதபடி கோப்பில் செருகி மேடையில் முன்பே வைத்துவிடுங்கள். கைபேசியைப் பார்த்துப் படிக்க விடாதீர்கள். வெயிலில் திரை தெரியாது.