கணினி கண்விழிக்க ஏழு நிமிடம்: நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம்

பெரியப்பாவின் மேசைக் கணினி 2017இல் வாங்கியது. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மின்கட்டணம் கட்டுவது, ரயில் டிக்கெட் எடுப்பது, பேத்தியின் படங்களைச் சேர்த்துவைப்பது, தமிழில் கடிதம் அடிப்பது. இதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட உள்ளே போனார். "குடித்து முடிப்பதற்குள் வந்துவிடும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, தினமும் அப்படித்தான் நடக்கிறதாம்.

அதற்குமுன் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அவர்கள் எதையும் பார்க்காமல் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். இரண்டு வாரம் ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. நாடி பார்க்காமல் கொடுத்த மருந்து வேறு என்ன செய்யும்? அவர் கணினியில் நான் பார்த்ததையும் செய்ததையும் அதே வரிசையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை உச்சரிப்பு மாறாமல் தமிழில் தந்திருக்கிறேன்.

1. கடிகாரத்தை எடுங்கள்

கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் தெரியும்வரை ஒன்று. டெஸ்க்டாப் தெரிந்ததிலிருந்து உலாவி திறந்து ஒரு பக்கம் முழுதாக வரும்வரை இன்னொன்று. பெரியப்பாவுக்கு முதலாவது 2 நிமிடம் 10 நொடி, இரண்டாவது 4 நிமிடம் 50 நொடி. இரண்டாவது இவ்வளவு நீண்டால், உள்ளே வந்த பிறகு பல நிரல்கள் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன என்று பொருள். எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு வேகம் கூடியதா என்பதில் வீட்டிலேயே சண்டை வரும்.

2. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்

"தினமும் இரவு நிறுத்திவிடுகிறேனே" என்றார் பெரியப்பா. டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அது வரும். சிறிய பெட்டியாக வந்தால் கீழே உள்ள 'மோர் டீட்டெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சிபியு'வின் (கணக்குப் போடும் சில்லு) கீழே 'அப் டைம்' என்று ஓர் எண் ஓடும். அவருடையதில் 41:06:12:33 என்று இருந்தது. அதாவது விண்டோஸின் உட்கரு (மற்ற எல்லாம் நம்பியிருக்கும் மையப் பகுதி) 41 நாளாக முழுதாக அணைந்து எழவே இல்லை.

காரணம், விண்டோஸ் 8இல் அறிமுகமான 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. ஷட் டவுன் கொடுத்தால் நம் நிரல்கள் மூடப்படும், ஆனால் உட்கருவின் நிலை டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு மறுநாள் அங்கிருந்தே தொடரும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத்தான் தோன்றும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். சில வீடுகளில் சிக்கல் இதோடு தீர்ந்துவிடும். பெரியப்பா வீட்டில் தீரவில்லை.

3. எந்தக் கட்டம் சிவக்கிறது?

ரீஸ்டார்ட் ஆனதும் வேறெதையும் தொடாமல் டாஸ்க் மேனேஜரை மட்டும் திறந்து, 'ப்ராசஸஸ்' பகுதியில் மேலே உள்ள நான்கு விழுக்காடுகளைப் பாருங்கள்: சிபியு, மெமரி (ரேம், ஓடும் நிரல்கள் தங்கும் தற்காலிக இடம்), டிஸ்க், நெட்வொர்க். ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தப் பதிவில் எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான்.

பெரியப்பாவின் சிபியு 15 விழுக்காட்டில் சும்மா இருந்தது. மெமரி 84. டிஸ்க் 100, இறங்கவே இல்லை. ஆனால் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க்கைச் சொடுக்கினால், படிக்கும் வேகம் நொடிக்கு 1.4 எம்பி என்று காட்டியது. நூறு விழுக்காடு வேலை செய்து ஒன்றரை எம்பிகூட வரவில்லையா என்று குழப்பம் வரும். உள்ளே நடப்பதை நினைத்துப் பாருங்கள். பல ஹார்ட் டிஸ்க்குகளில் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது, நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. ஒரு சிறு கோப்பு வேண்டுமென்றால் தட்டைப் படிக்கும் முள் அது இருக்கும் வட்டத்துக்கு நகர வேண்டும், பிறகு தேவையான இடம் சுழன்று முள்ளுக்கடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி நொடிக்கு நூறு துண்டுகளைப் படித்தாலே பெரிய காரியம். விண்டோஸ் எழும்போது கேட்பதோ பல்லாயிரம் துண்டுகள், எல்லாம் வெவ்வேறு மூலைகளில். ரேஷன் கடையில் ஒரே ஆள் ஒவ்வொரு அட்டைக்கும் கிடங்குக்கு ஓடிப்போய் வருவதைப் போல. ஆள் சோம்பேறி இல்லை, கிடங்கு தூரம்.

உங்கள் கணினியில் மெமரி மட்டும் 90க்கு மேல் நிற்கிறது என்றால் 6ஆம் படிக்குப் போங்கள். சிபியு எப்போதும் உச்சத்தில் இருந்து விசிறியும் இரைந்தால், தூசு அடைத்துச் சூடேறியிருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். பெட்டியைத் திறந்து தூசு தட்டுங்கள், இரவு படுக்கும்முன் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ஃபுல் ஸ்கேன்' போட்டுவிடுங்கள். இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். வாங்கும்போதே கூட வந்து, சந்தா முடிந்தும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று பல வீடுகளில் உண்டு.

டிஸ்க் 100இல் நின்றால் இன்னொன்றையும் உடனே பார்க்க வேண்டும், டிஸ்க் சாகக் கிடக்கிறதா என்று. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதைச் சொல்லும். நீலம் என்றால் நலம். மஞ்சளோ சிவப்போ வந்தால், அல்லது பெட்டிக்குள் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால், இந்தப் பதிவை மூடிவிட்டுப் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பெரியப்பாவுடையது நீலம்தான். இருந்தாலும் பேத்தியின் படங்களை நகலெடுத்த பிறகே மேற்கொண்டு கைவைத்தேன்.

4. அழைக்காமல் வரும் விருந்தாளிகள்

டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் 11இல் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்'. கணினி எழும்போதே எழுந்துகொள்ளும் நிரல்கள் இங்கே வரிசையாக இருக்கும். 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' பத்தியில் 'ஹை' என்று இருப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். வலச்சொடுக்கு, 'டிஸேபிள்'. இது நிரலை அழிப்பதில்லை. தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

வீடியோ அழைப்பு நிரல், பாட்டு நிரல், விளையாட்டு நிரல், எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் உதவி நிரல்: எல்லாவற்றையும் தயங்காமல் நிறுத்தலாம். ஒலி, டச்பேட், பாதுகாப்பு தொடர்பானவற்றை விட்டுவிடுங்கள். பெயர் புரியாவிட்டால் தொடாதீர்கள், அல்லது ஒன்றை நிறுத்தி ஒருநாள் பாருங்கள். நான் வேகத்தில் தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் சேர்த்து நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை ஆறரைக்குத் தொலைபேசி. "என்னப்பா, 'அ' அடித்தால் ஆங்கிலம் வருகிறது?"

உலாவியையும் பாருங்கள். குரோமில் செட்டிங்ஸ், 'சிஸ்டம்' பகுதியில், மூடிய பிறகும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் விருப்பம் ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். பெரியப்பாவின் பட்டியலில் 14 நிரல்கள் இருந்தன, 5 மிஞ்சின. 4 நிமிடம் 50 நொடி, 2 நிமிடம் 40 நொடியாகக் குறைந்தது.

5. இடம்

செட்டிங்ஸ், 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்'. சி டிரைவ் நிரம்பி வழிந்தால் இங்கே சில ஜிபி கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி உண்டு. அதில் டிக் போட்டால் நீங்கள் பதிவிறக்கிவைத்த எல்லாமே போய்விடும். நிறையப் பேர் பத்திரம், சான்றிதழ் எல்லாம் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். கணினியைச் சுத்தம் செய்து வேகமாக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவ வேண்டாம். அவையே ஸ்டார்ட்அப் பட்டியலில் போய் உட்காரும்.

6. காசு செலவழிக்க வேண்டிய இடம்

இலவசமாகச் செய்யக்கூடியது இத்துடன் முடிகிறது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) போடுவதுபோல வேறு எதுவும் பழைய கணினியை மாற்றாது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை ஒரு நொடியில் எடுத்துத் தரும். உங்களுடையதில் ஏற்கெனவே எது இருக்கிறது என்பதை 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க் பெயருக்குக் கீழேயே எழுதியிருப்பார்கள். பழைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டா வகை (கேபிளில் இணைப்பது) போதும். விலை கூடிய என்விஎம்இ வகையைப் பழைய மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் இணையும் தாய்ப்பலகை) நேரடியாகச் செருக இடமே இல்லாமல் போகலாம்.

ரேமுக்கு 'மெமரி' பகுதியில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' வரியைப் பாருங்கள். இரண்டில் ஒன்று என்று இருந்தால் காலியாக உள்ளதில் இன்னொன்றைச் செருகலாம். டிடிஆர்3 தலைமுறை ரேம் இருக்கும் இடத்தில் அடுத்த தலைமுறையான டிடிஆர்4 பொருந்தாது, மடிக்கணினிக்கு வேறு அளவு. இருக்கும் ரேமைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப்போவது உத்தமம்.

பெரியப்பாவுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி, கூடுதலாக 4 ஜிபி ரேம். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்காமல் விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். பொத்தானிலிருந்து உலாவியில் பக்கம் வரும்வரை 38 நொடி. இங்கே ஒரு சங்கடம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது) 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது, அவருடைய சிபியு விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. அதனால் பக்கத்திலேயே லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்து, வங்கி வேலைகளை அதில் செய்யச் சொல்லியிருக்கிறேன். முகம் சுளித்தார். ஆனால் தமிழ் எழுத்து வருகிறது என்று தெரிந்ததும் சமாதானமானார்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டு, மேலே தேதி எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் அதை அழிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், ஏதாவது ஒரு கோப்பு நிச்சயம் விட்டுப்போயிருக்கும். மூன்றாம் நாளே தேடினார். வீட்டுவரி ரசீது.