உணவு வங்கிக்குக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவு வங்கி என்றதும், விருந்தில் மீந்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. ஆலை, பண்ணை, மொத்தக் கடை, சூப்பர் மார்க்கெட் ஆகியவற்றில் விற்காமல் தேங்கிய நல்ல பொருட்களைத் திரட்டி, கிடங்கில் தரம் பார்த்துப் பிரித்து, காப்பகங்கள், தொண்டு அமைப்புகள் வழியாகத் தேவைப்படுகிறவர்களிடம் சேர்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. 1967-ல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியதைத்தான் உலகின் முதல் உணவு வங்கி என்கிறார்கள். ஒருவர் போட்டு வைப்பதை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார் என்பதால்தான் ‘வங்கி’ என்ற பெயர். அப்படி எடுத்துச் செல்கிறவரை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

மிகவும் ஆபத்தானது சமைத்த உணவில் நடக்கும் தவறு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விருந்து முடிந்து, எல்லோரும் கிளம்பி, அப்புறம் யாரைக் கூப்பிடலாம் என்று யோசிப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். ‘சுடவைத்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையும் தவறு. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு, கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிடப் போகிறவர்களில் குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளும் இருப்பார்கள். ஆகவே விருந்துக்கு முன்பே பேசி வையுங்கள். சமைத்த உணவை எல்லா உணவு வங்கிகளும் வாங்குவதில்லை. வாங்குகிற இடமென்றால், பரிமாறாத உணவை மட்டும் சூடு குறையாமல், அல்லது நன்றாகக் குளிரவைத்து அனுப்புங்கள். சமைத்த நேரத்தையும், சிலருக்கு ஒவ்வாத நிலக்கடலை, பால், முட்டை போன்றவை சேர்ந்திருந்தால் அதையும் எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் கொடுக்காதீர்கள்.

அடுத்து, பொட்டலத்தில் உள்ள தேதி. ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்பது சுவையையும் தரத்தையும் பற்றியது. அந்தத் தேதி தாண்டிய உலர்பொருள் பெரும்பாலும் சாப்பிடக்கூடியதே. ஆனால் அதைக் கொடுக்கலாமா என்பது அந்தந்த நாட்டின் விதியைப் பொறுத்தது. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பைப் பற்றியது, அதில் சலுகையே கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்லதைக் குப்பையில் போடுகிறவர்களும் உண்டு, கெட்டதை அனுப்புகிறவர்களும் உண்டு. உப்பிய டப்பா, கசியும் டப்பா, பிரித்த பாக்கெட் ஆகியவை வேண்டவே வேண்டாம்.

கேட்காமல் மூட்டையைக் கொண்டுபோய் இறக்குவதும் உதவி ஆகாது. பிரித்தெடுக்கத் தன்னார்வலர்களின் நேரம் போகும். பயன்படாததை அப்புறப்படுத்தும் செலவும் அவர்கள் தலையில்தான் விழும். ஒரு போன் போட்டு என்ன தேவை என்று கேளுங்கள். பல நேரம் பணமாகக் கொடுப்பதே மேல்: மொத்தமாக வாங்கும்போது அவர்களுக்கு விலை குறையும், வண்டிக்கும் குளிர்பதன அறைக்கும் ஆகிற செலவையும் அதிலிருந்து பார்த்துக்கொள்வார்கள்.

கொடுக்கும் இடத்தில் நடக்கும் ஒரு தவறுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. வாங்க வந்தவரை நிற்க வைத்துப் படம் எடுப்பது. வேலை போனவரோ, நோயில் சேமிப்பைக் கரைத்தவரோ, அந்த வரிசையில் வந்து நிற்பதற்கே எவ்வளவோ தயங்கியிருப்பார். படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த வாரம் பசித்தாலும் அவர் வரமாட்டார்.