நெபுலா ஃபில்டர்: பைனாகுலரில் செய்யும் தவறுகள்

விண்வெளியின் வாயு, தூசி முகில்களான நெபுலாக்களைப் பார்க்க மாட்டும் நெபுலா ஃபில்டர் எதையும் பிரகாசமாக்காது. இதை அறியாமல் வாங்கி, "ஒன்றுமே தெரியவில்லை" என்று பெட்டியில் போட்டுவிட்டவர்கள் பலர். வாயு உமிழும் ஒருசில நிறங்களை மட்டும் உள்ளே விட்டு, மற்ற ஒளியைத் தடுப்பதே அதன் வேலை. ஓ-III ஃபில்டர் என்றால், ஆக்சிஜன் வெளியிடும் 496, 501 நானோமீட்டர் ஒளி. பின்னணி வானம் கறுத்துப்போவதால்தான் மங்கலான முகில் எடுப்பாகத் தெரிகிறது.

எனவே வாயு ஒளிராத இடத்தில் அதற்கு வேலையில்லை. நான் முதன்முதலில் பைனாகுலரைத் திருப்பியது கார்த்திகைக் கூட்டத்தை நோக்கி. அங்கே இருப்பது தூசி. பக்கத்து விண்மீன்களின் ஒளியைத்தான் அது சிதறடிக்கிறது. இருந்த மங்கலையும் ஃபில்டர் விழுங்கிவிட்டது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்கும் அதே கதிதான்.

பொங்கல் கழிந்து வானம் தெளிந்ததும், நிலவில்லாத இரவில், நகர வெளிச்சத்தைவிட்டு விலகிப் போய் ரோசெட் நெபுலாவைத் தேடுங்கள். திருவாதிரை விண்மீனிலிருந்து புரோசியான் என்ற பிரகாசமான விண்மீனுக்குப் போகும் வழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரம். முழுநிலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். ஃபில்டர் இல்லாதபோது நடுவிலுள்ள விண்மீன் கொத்து மட்டும் தெரியும். மாட்டியதும் அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்ததுபோல. புகைப்படத்தில் பார்த்த சிவப்பைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பலர் கவனிக்காதது, ஃபில்டரை வைக்கும் விதம். பெரும்பாலான பைனாகுலர்களில் அதை மாட்ட மரை இருக்காது, 1.25 அங்குல ஃபில்டரைக் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையத்துக்குள் பொருத்துவோம். அது சாய்ந்திருந்தால், கடந்துபோக வேண்டிய நிறம் நழுவி, நெபுலாவின் ஒளியே தடைபடும். நேராக வைத்தாலும் காட்சியின் ஓரத்தில் ஒளி சாய்வாகத்தான் வருகிறது. ஆகவே பார்க்க வேண்டியதை நடுவிலேயே வைத்திருங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் பொருத்தியிருந்தால் மறு கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

உருப்பெருக்கத்தில் ஆசை வேண்டாம். முன்பக்க லென்ஸின் விட்டமான 50 மில்லிமீட்டரை உருப்பெருக்கமான 7ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். 20ஆல் வகுத்தால் 2.5தான். ஏற்கெனவே இருட்டாக்கும் ஃபில்டருக்கு அது போதாது.

இதைச் சூரிய ஃபில்டர் என்று எண்ணிச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள். பார்வையே போய்விடும்.

கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமாவது கொடுங்கள். செல்போனை எடுத்தால் திரும்பவும் முதலிலிருந்து. பிறகு இலக்குக்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்து, பைனாகுலரை விரலால் மெல்லத் தட்டுங்கள். அசையாமல் இருந்தபோது தெரியாத வளையம், அசைவில் தெரியும்.