செலரி விதைக்கு மண் போர்த்தாதீர்கள்

மூணாறு பக்கத்து மலையூரான காந்தளூரில் கேரட்டுக்கும் பூண்டுக்கும் ஒத்துவரும் குளிர் செலரிக்கும் ஒத்துவருகிறது. முதல் தடவை நான் கொத்தமல்லி விதைப்பதுபோல் மண்ணுக்குள் புதைத்துவிட்டு, மூன்று வாரம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்! செலரி விதை கடுகைவிடப் பொடியானது. முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, உலர்ந்த மணலோடு கலந்து, தட்டில் பரப்பிய ஈரமான தேங்காய் நார்க்கழிவின்மேல் தூவுங்கள். விரலால் லேசாக அழுத்தினால் போதும். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். அடியில் ஓட்டையுள்ள தட்டைத் தண்ணீரில் வைத்து ஈரத்தை மேலே ஏறவிடுங்கள். முளைவிட 2 முதல் 3 வாரம் ஆகும். அவசரக்காரர்கள் வெந்தயக்கீரை போட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாறு இலை விட்டதும் முக்கால் அடி, ஓரடி இடைவெளியில் நடலாம். மார்கழிப் பனியில் மட்டும் இளநாற்றை வெளியே விடாதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால், தண்டு பருக்கும் முன்பே பூக்கத் தொடங்கிவிடும். மண் காய்ந்தால் தண்டு நார்பாய்ந்து கசக்கும். பறிக்கும்போது வெளித்தண்டுகளை மட்டும் ஒடியுங்கள், நடுக்குருத்து தொடர்ந்து தழைக்கும்.