சிஆர்டி புரொஜெக்டரை வீட்டில் பழுது பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் பிடித்துவிட்டால் பரணில் கிடக்கிற எதுவும் ஈரம் குடிக்காமல் தப்பாது. சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி படக்குழாய் (டியூப்) வைத்துத் திரையில் படம் காட்டும் பழைய பெட்டிதான் சிஆர்டி புரொஜெக்டர். அதை அந்த ஈரத்தோடு ஆன் செய்வதுதான் பெரிய தவறு. டியூபுக்குப் போகும் இஎச்டி, அதாவது மிக உயர் மின்னழுத்தம், ஏறக்குறைய 30,000 வோல்ட். அது டியூபில் நுழையும் இடத்து ரப்பர் மூடியான ஆனோடு கேப்பைச் சுற்றிப் படிந்த தூசி ஈரமானால், அதன் வழியே கரண்ட் கசியும். படபடவென்று பொரிகிற சத்தமோ ஓசோன் நெடியோ வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் எடுத்து, ஈரமில்லாத அறையில் இரண்டு மூன்று நாள் வைத்த பிறகு போடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கியாச்சே என்று உள்ளே கை விடவும் கூடாது. பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேலும் நிற்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்து, 60 வாட் குண்டு பல்பை இரு முனைக்கும் குறுக்கே வைத்து அந்தச் சார்ஜை இறக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் தீப்பொறி பறக்கும், போர்டிலுள்ள ஐசியும் (சிப்) போகும். இஎச்டி பக்கம் பழக்கமில்லாதவர் போகவே வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர் 1000 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, அதை அங்கே வைப்பது உயிரோடு விளையாட்டு.

அதிகம் பேர் சொதப்புவது கன்வர்ஜென்ஸில்தான், அதாவது மூன்று நிறப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதில். சிவப்பும் நீலமும் பச்சையை விட்டு விலகியதும் கன்ட்ரோலைத் திருக ஆரம்பிக்கிறார்கள். முதலில் விலகல் எப்படி வந்தது என்று பாருங்கள். பெட்டியை நகர்த்திய பின் வந்தது அட்ஜஸ்ட்மென்ட் விஷயம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிறம் வில்லாக வளைந்தால் அந்தப் பொருத்தத்தை ஓட்டும் கன்வர்ஜென்ஸ் அவுட்புட் ஐசி மேல் சந்தேகப்படுங்கள். பக்கத்திலிருக்கும் சிறு ஓம் ஃபியூசிபிள் ரெசிஸ்டர்களை (கரண்ட் மிஞ்சினால் ஃபியூஸ் போல அறுந்துவிடுபவை), கரண்ட் இல்லாமல் ஒரு காலைக் கழற்றி அளந்து பாருங்கள். ஐசி மாற்றினால், அதன் சூட்டை வாங்கும் உலோகத் தகடான ஹீட் சிங்கில் பழைய பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். இல்லையென்றால் புது ஐசியும் சீக்கிரமே போகும். அட்ஜஸ்ட்மென்டைப் பெட்டி அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் தொடுங்கள். பச்சையை நேராக்கி, அதன் மேல் சிவப்பு, கடைசியில் நீலம். நீலம் கொஞ்சம் கூர்மையில்லாமல் தெரிந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் கூடுவதற்காக வேண்டுமென்றே ஃபோகஸைத் தளர்த்தி வைப்பது வழக்கம்.

படத்தின் வெளிச்சம் குறைந்தால் ஜி2-வை (டியூபின் ஸ்க்ரீன் வோல்ட்டேஜை) ஏற்றுவது குறுக்கு வழி. படத்தின் குறுக்கே சாய்ந்த வெள்ளைக் கோடுகள் எழும், டியூபும் சீக்கிரம் தேயும். ஆஃப் செய்துவிட்டு லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டியூபுக்கு முன்னால் கூலன்ட் நிரப்பிய மாடல்களில் அது பால் போலக் கலங்கியோ பாசி கட்டியோ இருக்கலாம். அது கிளைகால் கலவை, குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர்டில் சொட்டினால் ஷார்ட் ஆகும். இனிப்பாக இருக்கும் விஷம் அது. பிள்ளைகள், பூனை பக்கத்தில் வராமல் துடைத்துவிடுங்கள்.

திரையில் ஒரே ஒரு கிடைக்கோடு மட்டும் பளிச்சென்று நின்றால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்ட்டிக்கல் சர்க்யூட் போய்விட்டது. "என்னவென்று பார்ப்போம்" என்று நிற்காமல் அந்த நொடியே அணையுங்கள், அந்தக் கோடு டியூபுக்குள் ஒளிரும் பூச்சான பாஸ்பரில் அழியாத தழும்பாகிவிடும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான். கம்பி சுற்றுகிற வழக்கத்தை இந்தப் பெட்டியில் காட்டாதீர்கள்.